கடிதம் இல்லாத வீடுகள்

எங்கள் தெருமுனைக்கு வந்ததும் தபால்காரர் ஆதிகேசவன் சைக்கிளிலிருந்து இறங்கிவிடுவார். எத்தனையோ வருடமாக நான் ஜன்னல் வழியே பார்த்துவந்த பழக்கம் இது. பையில் ஒரே ஒரு கார்டு இருந்தாலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் தெருவுக்குள் வருவார். கடிதம் இருக்கிற வீட்டில் கொடுப்பார். இல்லாத வீட்டு வாசலிலும் கொஞ்சம் நின்று, "இன்னிக்கி இல்லம்மா" என்று சொல்லிவிட்டு நகர்வார்.

"இல்லாத வீட்ல ஏன்ணா நிக்கறே? நேரா போய்ட்டே இரு" என்று யாரோ ஒருநாள் கேட்டார்கள்.

"மணி அடிச்சிக்கினு தாண்டிப் போனா, பாத்துக்கினு நிக்கறவங்க கண்ணு முதுகுல குத்துது" என்றார்.

எங்கள் ஊர் ஆம்பூரைத் தாண்டிப் பாலாற்று ஓரம் இருக்கிறது. தெருவின் ஒரு கோடியில் தோல் பதனிடும் தொழிற்சாலை. காலையில் ஆற்றுப் பக்கத்துப் பனியும் பாய்லர் ஆவியும் கலந்து தெருவில் முழங்கால் உயரத்துக்கு மிதக்கும். மதில் சுவருக்கு மேலே மூங்கில்களில் பதனிட்ட தோல்கள் வெளிர் நீலமாகத் தொங்கும். உள்ளே மரப் பீப்பாய்கள் கடகடவென்று உருண்டுகொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் வளர்ந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதன்பின் ஜன்னலோரம் உட்கார்ந்து ஷூவின் மேல் பாகத்தைத் தைக்கிற வேலை. மடியில் தோல், கையில் ஊசி, கண் தெருவில். ஆவியைக் கலைத்துக்கொண்டு காக்கிச் சட்டையும் சைக்கிளும் வருவதைப் பார்க்கும்போது, தண்ணீருக்கடியில் யாரோ நடந்து வருவதுபோல் இருக்கும்.

ஆதிகேசவன் குடியாத்தத்துக்காரர். வீட்டில் எல்லோரும் கைலி நெய்பவர்கள். தறிக்குழியில் காலை இறக்கினால் இவருக்கு மூச்சு முட்டுமாம்.

"எங்கப்பா ஒரே எடத்துல குந்திக்கினு ஆயுசுக்கும் மிதிச்சாரு. ஒரு ஊரும் வரல. எனக்கு நடக்கணும்னு இருந்திச்சி, கெளம்பிட்டேன்" என்று அவர் பட்டம்மாள் அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது.

கிராமங்களில் சில வருடம் தற்காலிகத் தபால்காரர் வேலை பார்த்து, எழுபத்துமூன்றில் எங்கள் ஊர்த் தபாலாபீசில் நிரந்தரமானார். மார்க்கெட் பின்னால் ஒரு சின்ன வீடு. மனைவி பூங்காவனத்துக்கு இதயத்தில் கோளாறு. மாதம் தவறாமல் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவார். எங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ், நடுவில் மாற வேண்டியதில்லை. அந்த ஒரு பஸ்ஸுக்காகவே அவர் இந்த ஊரைவிட்டு எங்கும் மாற்றல் கேட்டதில்லை.

அவர் சொல்கிற 'இல்லை' வீட்டுக்கு வீடு மாறும். பக்கத்து வீட்டு சைராவின் வீட்டுக்காரர் சவுதியில், தம்மாமில் வேலையாக இருந்தார். அவள் கதவிடுக்கில் நின்று, "அண்ணா?" என்பாள்.

"இல்லம்மா. தம்மாம்ல ஏரோப்ளேன் ரிப்பேராம்."

"போங்கண்ணா, தினத்துக்கும் ஒரு ரிப்பேர்."

பட்டம்மாள் அக்கா தொழிற்சாலையில் தோல் ஓரம் வெட்டுகிறவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, எழுத ஒருத்தரும் இல்லை. அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்பாள்.

"இன்னா போஸ்ட்மேன், எனக்கு?"

"உனக்கு எழுதறதுக்கு டில்லில பேனா தேடிக்கினு இருக்காங்கக்கா."

"கெடைச்சா மை ஊத்திக்கச் சொல்லு. வெறும் பேனாவுல கீறிடப் போறாங்க."

அடுத்து எங்கள் வீடு. என்னிடம் கேலி பேசமாட்டார். ஜன்னலைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். அவ்வளவுதான்.

எண்பத்தாறில் ஒரு புதிய போஸ்ட்மாஸ்டர் வந்தார். வந்த அன்றே, தபால்காரர்கள் உட்கார்ந்து கடிதம் பிரிக்கிற பெஞ்சை எடுத்து வெளியே போட்டார். நின்றுகொண்டு பிரித்தால் சுறுசுறுப்பு வருமாம். லீவு கேட்டால், தொழிற்சாலைகளின் சாம்பிள் பார்சலை வாங்கிப்போக வேலூரிலிருந்து ஸ்கூட்டரில் வரும் கூரியர் ஆளைக் காட்டுவார். "அவன் லீவா கேக்கறான்? உங்க வேலயத் தனியாருக்கு விட்டா பாதிச் செலவு" என்பாராம்.

அது வெறும் பேச்சாக நிற்கவில்லை. ஒரு தபால்காரர் சுற்றி வருகிற தெருக்களுக்கு பீட் என்று பெயர். ஒவ்வொரு பீட்டிலும் மேற்பார்வையாளர் ஒருவர் தபால்காரரோடு நடந்து நேரம் பார்ப்பார் என்றும், சீக்கிரம் முடிகிற பீட்டை எடுத்துவிட்டு அந்தத் தெருக்களின் கடிதங்களை ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுப்பார்கள் என்றும் உத்தரவு வந்தது. பீட் போன தபால்காரருக்கு ஜவ்வாது மலை அடிவாரத்தில் வேலை. அங்கிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு நாள் முழுக்கப் பஸ் மாற வேண்டும்.

தைத்ததைக் கொடுக்க நான் போகும் ஏஜெண்டு கடை தபாலாபீசுக்கு எதிரில்தான். மதியம் தபாலாபீஸ் வாசலில் ஊழியர்கள் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு நின்றார்கள். கவுண்டர் கிளார்க் தானியேல் சங்கத்துச் செயலாளர். கட்டைக் குரல்.

"பெஞ்சத் தூக்கிட்டாரு. நாளைக்குச் செருப்பையும் கழட்டச் சொல்வாரு. எடை கம்மியானா வேகம் ஜாஸ்தியாவும் பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். தானியேல் ஆதிகேசவனை முன்னால் இழுத்து, "நீ ரெண்டு வார்த்த பேசுண்ணே" என்றார்.

"நான் நடக்கறேன். நீ பேசு தம்பி" என்று அவர் பின்னால் போய்விட்டார்.

ஆதிகேசவனின் பீட்டைச் சோதிக்கும் முறை வந்தது. "தினம் நடக்கற மாதிரியே நடண்ணே. ஓடவும் வாணாம், இழுக்கவும் வாணாம்" என்று தானியேல் சொல்லி அனுப்பியிருந்தார். ஆதிகேசவன் முதல் நாள் பட்டம்மாள் அக்காவிடம், "நாளைக்கு ஆபீசர் கூட வர்றாருக்கா. நான் எப்பிடி வேல செய்யறேன்னு பாக்கறதுக்கு" என்று மட்டும் சொன்னார். பீட் போய்விடும் என்று சொல்லவில்லை. தன் கஷ்டத்தைத் தெருவில் இறக்கிவைக்கிற ஆள் அவரில்லை.

எங்கள் ஊரில், வேலை செய்வதை ஒருவர் பார்க்க வருகிறார் என்றால் அதற்கு ஓர் அர்த்தம்தான். வெளிநாட்டிலிருந்து தோல் வாங்குகிறவர் வந்தால் தொழிற்சாலையைக் கழுவி விடுவார்கள். அன்றைக்கு மட்டும் எல்லோர் கையும் பறக்கும். வந்தவர் சந்தோஷமாகப் போனால்தான் ஆர்டர். பட்டம்மாள் அக்கா சாயங்காலமே வீடு வீடாகப் போனாள்.

"நம்ப போஸ்ட்மேனுக்கு நாளைக்குப் பரீச்சை. லெட்டர் வர்றவங்க முனைக்கே போய் நின்னு வாங்கிக்கணும். லெட்டர் வராதவங்க கதவச் சாத்திக்கினு உள்ள இருங்க. மூஞ்சியக் காட்டுனா அந்த ஆளு நின்னு பேசிடுவாரு, லேட்டாயிடும். தெரிஞ்சிச்சா?"

மறுநாள் காலை தெருவைக் கழுவினதுபோல் இருந்தது. பெண்கள் தலைசீவி, முனையில் வரிசையாக நின்றார்கள். ஆதிகேசவன் சைக்கிளிலிருந்து இறங்கினார். கூடவே, கையில் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி மேற்பார்வையாளர். ஆதிகேசவன் பையைத் திறப்பதற்குள் கைகள் நீண்டன. கடிதங்கள் போயே போய்விட்டன. மணியார்டருக்குக் கைநாட்டு வைக்க ஒருத்தி விரலில் மையைத் தடவிக்கொண்டே வந்திருந்தாள்.

பிறகு அவர் தெருவுக்குள் நடந்தார். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்துவைத்து நான் பார்த்தேன். ஆவிக்குள் அவர் ஒவ்வொரு வாசலுக்கும் வந்து நின்றார். சாத்திய கதவைப் பார்த்தார். வாயைத் திறந்து, சொல்வதற்கு ஆளில்லாமல் மூடினார். சைக்கிள் சக்கரம் டிக் டிக் என்று போயிற்று. யாரும் இல்லாத ஊருக்குள் ஒருவர் வழி மறந்து நடப்பதுபோல் இருந்தது. மற்ற தெருக்களிலும் இதே கதைதான். அங்கேயும் பட்டம்மாள் அக்காவுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

தொழிற்சாலையின் மதியச் சங்கு ஊதுவதற்கு வெகுநேரம் முன்பே பீட் முடிந்துவிட்டது. "நல்லா ஒத்துழைக்கறாங்கப்பா உன் ஜனங்க" என்று எங்கள் தெரு வழியே திரும்பும்போது மேற்பார்வையாளர் சிரித்தார். பெண்கள் கதவைத் திறந்துகொண்டு வந்து கைதட்டினார்கள். ஆதிகேசவன் கைகூப்பினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அந்த வாரமே தானியேல் எங்கள் தெருவுக்கு வந்தார்.

"இந்த ரோசன யாருது? யாருன்னு கேக்கறேன்!"

"ஏன், பாஸாவலியா?" என்றாள் பட்டம்மாள் அக்கா.

"பாஸா? சீக்கிரம் முடிஞ்சிச்சின்னா ஆளே வாணாம்னு அர்த்தங்க்கா! பீட்ட எடுத்துட்டாங்க. அண்ணனுக்கு மல அடிவாரத்துக்கு மாத்தல். பூங்காவனத்தம்மாவ எப்பிடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவாரு?"

பட்டம்மாள் அக்கா அப்படியே குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. விஷயம் தெரிந்து ஆதிகேசவன் தேடி வந்தார். "நல்லதுக்குத்தானக்கா செஞ்சீங்க. எழுந்து சாப்புடு" என்றார்.

சங்கம் சண்டை போட்டு மாற்றலை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிவைக்க முடிந்தது. அதுவரை அவருக்கு பீட் கிடையாது. பெஞ்ச் இல்லாத ஆபீசில் ஒரு மூலையில் நாளெல்லாம் நிற்க வைத்தார்கள். எங்கள் தெருவுக்குக் கான்ட்ராக்டர் ஆள் மொபெட்டில் வரத் தொடங்கினான். கடிதத்தை வாசலில் எறிந்துவிட்டுப் பறப்பான். கடிதம் இல்லாத வீடுகள் அவன் கண்ணுக்கே தெரியாது. சைரா சாயங்காலம் வரை கதவிடுக்கில் நின்றாள். வரவில்லையா, இனிமேல்தான் வருமா என்று சொல்ல ஆளில்லை.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, அவள்தான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க, நாமளே போய்க் கேட்டுட்டு வரலாம்" என்றாள்.

நாங்கள் தபாலாபீஸ் கவுண்டரில் போய் நின்றோம். முதல் நாள் நாலைந்து பேர். பிறகு தெருவே வந்தது. பக்கத்துத் தெருக்களும் வந்தன. கவுண்டரில் தானியேல். வந்து கேட்பவர்களுக்குக் கடிதக் கட்டைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. சங்கத்தார் அந்த விதியை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். தானியேல் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கடிதமாகப் புரட்டிப் பார்த்து, "சைரா பேகத்துக்கு இல்ல" என்று கணீரென்று சொல்வார். ஸ்டாம்பு வாங்க வந்தவர்களும் தொழிற்சாலைக் குமாஸ்தாக்களும் தெருவரை நின்றார்கள்.

என் முறை வந்தபோது, ஜன்னலில் ஆட்டுவதுபோல் தலையை மெல்ல ஆட்டினேன்.

"சவுரியம்மாள்தானே? வாயத் தொறந்து கேக்கணும்மா. ரூல் அப்பிடி" என்றார் தானியேல்.

கேட்டேன். எனக்கு எழுத யாருமே கிடையாது. இருந்தும், அவர் கட்டைப் புரட்டுகிற நேரம் முழுக்க, ஒருவேளை இருக்குமோ என்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையில் நின்ற ஆதிகேசவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போஸ்ட்மாஸ்டர் அறையிலிருந்து வெளியே வந்து கத்தினார். "என்ன கூட்டம் இது? லெட்டர் வந்தா வீட்டுக்கு வரும், போங்க!"

"வந்தா வரும் சார். வரலன்னா யாரு வந்து சொல்றது?" என்றாள் பட்டம்மாள் அக்கா.

"அதுக்கெல்லாமா ஆள் போடுவாங்க?"

"போட்டிருந்தீங்களே. தோ, மூலையில நிக்க வெச்சிருக்கீங்களே, அவரத்தான்."

சிரிப்பு தெருவரை போயிற்று. போஸ்ட்மாஸ்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பல வாரம் இப்படி நடந்தது. நான் ராத்திரியில் தைத்துவிட்டுக் காலையில் போய் நின்றேன். கவுண்டரில் தங்கள் வேலை நடக்கவில்லை என்று தொழிற்சாலைக்காரர்களே வேலூர் மேலாபீசுக்குப் புகார் எழுதினார்கள். கடைசியில் மேலே இருந்து ஓர் அதிகாரி வந்தார். மறுபடி ஆதிகேசவனை நடக்கவைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்.

இந்தமுறை யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. கதவுகள் தினம் திறக்கிற மாதிரி திறந்தன. ஆதிகேசவன் இறங்கினார், தள்ளினார், நின்றார். தம்மாம் ஏரோப்ளேன் மறுபடி ரிப்பேர் என்றார். அதிகாரி பாதித் தெருவில் கைக்குட்டையை விரித்து மதகுமேல் உட்கார்ந்துவிட்டார். சங்கு ஊதிப் பீப்பாய்கள் நின்று, ஆட்கள் சாப்பிட்டு, மறுபடி பீப்பாய்கள் உருளத் தொடங்கின. அதற்கப்புறம்தான் பீட் முடிந்தது. மாற்றல் ரத்தானது. எங்கள் தெருக்களுக்கான கான்ட்ராக்டும் போயிற்று.

கூட்டம் சேர்த்ததாகச் சொல்லித் தானியேலை மேல்விஷாரம் தாண்டி ஒரு சின்ன ஆபீசுக்குத் தூக்கிப்போட்டார்கள். ஆதிகேசவனுக்கு அந்த வருடச் சம்பள உயர்வு கிடையாது.

இது எண்பத்தொன்பது. ஆதிகேசவன் எங்கள் பீட்டில்தான் இருக்கிறார். ஓய்வு பெற்ற இன்னொருவரின் பீட்டையும் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அதனால் எங்கள் தெருவுக்கு வர மாலை நாலு மணி ஆகிவிடுகிறது. பூங்காவனத்தம்மா மாதாமாதம் வேலூருக்குப் போய் வருகிறார். தொழிற்சாலைகளின் தபால் முக்கால்வாசி கூரியரில் போகிறது. தானியேல் இன்னும் திரும்பி வரவில்லை. தபாலாபீசில் பெஞ்சைப் பழைய இடத்தில் போட்டிருக்கிறார்கள். கான்ட்ராக்டுக்கு விடப்போவதாகப் பேச்சு மட்டும் நின்றபாடில்லை.