நிறுத்தாமல் ஓடிய லேத்

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய சீசா என்ற பகுதியில் எங்கள் வீடு தரைத்தளத்தில் இருந்தது. அதன் பின்னறையில் ஒரு பழைய லேத் மெசினை வாங்கிப் போட்டிருந்தேன். வாரத்தில் ஐந்து நாள் சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டில் நிலம் துடைப்பேன். சனிக்கிழமைகளில் ஸ்ஃபெர்ராகவால்லோ துறைமுகத்து மீன்பிடிப் படகுகளுக்குத் துருப்பிடிக்காத இரும்பில் மரை ஆணிகள் கடைந்து கொடுப்பேன். யாழ்ப்பாணத்தில் பழகிய தொழில். அது இன்னும் கையில் இருக்கிறது என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளத்தான் அந்த மெசின்.

அந்த இரும்பு பொல்லாதது. வெட்ட வெட்டச் சூடேறி உளியின் முனையைத் தின்றுவிடும். அதனால் தூரிகையால் கூலண்டைத் தொட்டுத் தொட்டு வைப்பேன். தண்ணீரில் எண்ணெய் கலந்த, பால் நிறத் திரவம். கொஞ்சம் வெட்டுவேன், மெசினை நிறுத்துவேன், ஆறவிடுவேன். அந்த இடைவெளிகளில்தான் குசினி அடுப்படியிலிருந்து மனைவி கதைப்பாள். "இஞ்சாருங்கோ" என்று தொடங்குவாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மெதுவான சொல் அது, பக்கத்து அறை வரைக்கும்தான் எட்டும். அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். பல வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. என்ன பெயர் வைப்பது, தொட்டிலை எங்கே போடுவது, எல்லாம் அந்த இடைவெளிகளில்தான் கதைத்தோம்.

சிஞ்ஞோரா தன் பழுதான உடுப்புத் தோய்க்கும் மெசினை எறியச் சொன்னாள். நான் எறிவேனா? அதன் பம்பைக் கழற்றி வந்தேன். லேத்துக்கு அடியில் ஒரு தட்டு, அதற்குக் கீழே வாளி, உளிக்கு மேலே ஒரு குழாய். கூலண்ட் கொட்டோ கொட்டென்று கொட்டி, தட்டில் வடிந்து, வாளிக்கே திரும்பியது. இனித் தூரிகையும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பம்ப் போட்ட இரைச்சலைக்கூடப் பெருமையாகத்தான் கேட்டேன்.

ஒருநாள் மனைவியே எழுந்து வந்து வாசலில் நின்றாள். "கொஞ்சம் நிப்பாட்டுங்கோவன். உங்களோட கதைக்க வேணும்."

"இதை முடிச்சிட்டு வாறன்," என்றேன். அதையே சொல்லிச் சொல்லி மூன்று சனிக்கிழமைகள் போயின.

நாலாவது சனிக்கிழமை கடைசி ஆணியையும் முடித்துவிட்டுப் பம்பை நிறுத்தினேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. குசினித் தரையில், சுவரோடு சாய்ந்து இருந்தாள். உடுப்பெல்லாம் இரத்தம்.

"மூண்டு தரம் கூப்பிட்டனான்," என்றாள்.

அயல்வீட்டுக்காரரின் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். பிள்ளை தங்கவில்லை. உடனே கொண்டுவந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் தப்பப் பார்த்தேன். அவளோடு பஸ்ஸில் வீடு திரும்பும்போது என் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை.

"இஞ்சாருங்கோ எண்டால் அந்தச் சத்தத்துக்குள்ள எனக்கு எப்பிடிக் கேக்கும்? பேரைச் சொல்லிக் கத்தியிருக்கலாமே?"

அவள் யன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "ஓம்," என்றாள்.

பம்பைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். மறுபடியும் டப்பா, தூரிகை. கொஞ்சம் வெட்டுவேன், நிறுத்துவேன், காதைக் குசினிப் பக்கம் வைத்துக்கொண்டு நிற்பேன். கரண்டிச் சத்தம் மட்டும் வரும். ஆணி எப்போதோ ஆறியிருக்கும், ஆனாலும் மெசினைத் திரும்பப் போட மனம் வராது.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். மெசின் நின்றிருந்த நேரம் குசினியிலிருந்து என் பெயர் கேட்டது. முழுப் பெயரும், தெருவுக்கே கேட்கும் குரலில். தூரிகையைப் போட்டுவிட்டு ஓடினேன். அடுப்படியில் எனக்கு முதுகு காட்டி நின்றாள்.

"சாப்பாடு ஆறுது," என்றாள்.

அன்றிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.