கால் ஊன்றக் கூடாது

என் மாமா ஒரு நல்ல சைக்கிளைக் கெடுத்த கதை இது. கெடுத்தார் என்பது என் அம்மாவின் வார்த்தை. இப்போது அடையாறு பக்கம் காலை வேளையில் பிள்ளைகள் அந்த மாதிரி சைக்கிளில்தான் போகிறார்கள். பழைய இரும்பு வண்டியாகத் தேடிப் பிடித்து, ஆசை ஆசையாக அப்படி மாற்றிக்கொள்கிறார்களாம். அம்மா இருந்திருந்தால் அவர்களையும் ஒரு பிடி பிடித்திருப்பாள்.

அப்போது எங்கள் வீடு மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் இருந்தது. நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மாமா என் அம்மாவுக்குத் தம்பி, எங்களோடுதான் இருந்தார். வாடகை சைக்கிள் கடையில் வேலை. கோபாலபுரத்தில் ஒரு பங்களாவின் கார் ஷெட்டில் தூசி படிந்து கிடந்த ரேஸ் சைக்கிளை, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்று அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர், பின்சக்கரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பல்சக்கரங்கள். சந்தே வந்து வேடிக்கை பார்த்தது. மாமா அதில் ஏறிப் பறந்து காட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவரோ வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுக் கழற்ற உட்கார்ந்துவிட்டார்.

அடுக்குப் பல்சக்கரம் மொத்தமும் போயிற்று. கியர் மாற்றுகிற கம்பியும் கொக்கியும் போயின. அந்த இடத்தில் ஒரே ஒரு பல்சக்கரத்தை வைத்து, அது தனியாகச் சுழல முடியாதபடி சக்கரத்தோடு சேர்த்து வெல்டிங் வைத்துக்கொண்டு வந்தார். சங்கிலி தொளதொளவென்று தொங்கியது. மிச்சக் கண்ணிகளைத் தட்டி எடுத்தார். அது கோணலாக ஓடியது. அச்சில் இந்தப் பக்கம் இருந்த வாஷர்களை அந்தப் பக்கம் மாற்றிப் போட்டு, நூல் பிடித்த மாதிரி நேராக்கினார். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது நான்.

"இன்னா மாமா பண்ற?"

"பிரீயை எடுத்துட்டேன்டி. இனிமே இது நான் சொன்ன பேச்சக் கேக்கும்."

பிரீ என்றால் எனக்குத் தெரிந்தது சும்மா கொடுப்பது மட்டும்தான். பங்களாக்காரர் சும்மா கொடுத்ததை எதற்கு எடுத்துப் போடுகிறார், திருப்பிக் கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தைத் தன்பாட்டுக்கு ஓட விடுகிற சாமானுக்கு பிரீவீல் என்று பேர் என்பதை மாமா விழுந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதல் நாள் பழக்க தோஷத்தில் காலை நிறுத்தினார். சக்கரம் நிற்கவில்லை. பெடல் அவர் காலைத் தூக்கிவிட்டு ஆளைச் சாக்கடை ஓரமாகக் கொண்டுபோய்ப் போட்டது.

"நல்லாக் கீற வண்டியக் கெடுத்து வெச்சுக்கினு, பல்ல வேற ஒடச்சுக்கோ" என்றாள் அம்மா.

அவர் பல் உடையவில்லை. கொஞ்ச நாளில் அந்த வண்டி அவர் காலோடு ஒட்டிக்கொண்டது. முன்னால் மிதித்தால் முன்னால் போகும். கால் நின்றால் அதுவும் நிற்கும். பின்னால் மிதித்தால் பின்னாலேயே வரும். எல்லாம் பொங்கலுக்கு நடக்கும் ஸ்லோ சைக்கிள் போட்டிக்காக என்று மாமா சொன்னார். அந்தப் போட்டியில் கடைசியாக வருகிறவர்தான் ஜெயித்தவர். எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் போகலாம். கால் ஊன்றக் கூடாது. ஊன்றினால் வெளியே.

முந்திய வருஷம் ஜெயித்தவர் அடுத்த தெருக்காரர். ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிற முரட்டு ஆள். அவருக்கு ஒரு தங்கை. வாசற்படியில் உட்கார்ந்து ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி தைத்துக் கொடுப்பாள். எங்கள் வீட்டு ஜாக்கெட்டும் அவளிடம்தான் போகும். அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

மாமா பழகப் போனதும் அந்தத் தெருவுக்குத்தான். அங்கே தார் நன்றாக இருக்கிறது என்றார். எங்கள் தெருவிலும் அதே தார்தான். முன்பாரில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்கார வைத்துக்கொள்வார். தெருமுனை வரை சாதாரணமாகப் போவோம். அக்கா வீட்டெதிரே வந்ததும் வண்டி நின்றுவிடும். ஹேண்டில்பார் மட்டும் லேசாக இப்படியும் அப்படியும் அசையும். வயசுப் பெண் இருக்கிற வீட்டெதிரே ஒரு வாலிபன் நின்றால் முதுகு வீங்கிப் போகிற காலம் அது. ஆனால் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பவனை யார் கேட்க முடியும்?

கேட்டார்கள். குடத்தோடு போன ஒரு பெரியம்மா, "இன்னா நைனா, இங்கியே நின்னுக்கினு கீற?" என்றாள்.

"எங்க நிக்கிறேன்? ஓட்டிக்கினு கீறேன். காலு ஊனிக்கீதா பாரு."

பெரியம்மா குனிந்து பார்த்தாள். ஊன்றவில்லைதான். அக்கா தலை நிமிரவே மாட்டாள். ஆனால் கையில் ஊசி ஓடாது. ஒரு நாள் நாங்கள் கடந்து போன பிறகு அவள் வாசலுக்கு வந்தாள். வண்டி அப்படியே பின்னாலேயே நகர்ந்து வந்து அவளெதிரே நின்றது. போட்டிக்கு இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. மாமா பெரிய வித்தைக்காரர் என்று மட்டும் பெருமையாக இருந்தது.

வித்தை காலில்தான். வாய் வராது. எங்கள் குடும்பத்துக்கே வாய் கொஞ்சம் கம்மி. மாமாவுக்கு அதிலும் பாதி.

பொங்கல் நெருங்கியபோது அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கொக்கி தெக்கிற பொண்ணுக்குத் திருவான்மியூர்ல மாப்ள பாத்துக்கினு கீறாங்களாம். பொங்க முடிஞ்சதும் தட்டு மாத்திடுவாங்களாம்."

மாமாவின் கை சோற்றிலேயே நின்றது.

"இவன் இன்னும் சைக்கிள்லியே நின்னுக்கினு கீறான்" என்றார் நைனா. அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

யாருக்கோ கல்யாணம் என்றால் இவருக்கு ஏன் சாப்பாடு இறங்கவில்லை? எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தங்கைக்குக் கல்யாணம் என்றால் அண்ணனுக்கு ஆயிரம் வேலை இருக்கும், போட்டிக்கு வரமாட்டார், மாமா ஜெயித்துவிடுவார்.

போட்டிக்கு முந்தின நாள் அம்மா என்னை ஜாக்கெட் வாங்கிவர அனுப்பினாள். அக்கா அதை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

"உங்க மாமா எத்தினி நாளு அந்தரத்துலியே நிப்பாரு? கால ஊனச் சொல்லு. இப்ப ஊனலன்னா அப்புறம் ஊனவே வாணாம். சொல்றியாடி கண்ணு?"

கண்ணு என்று கொஞ்சிக்கொண்டே, அண்ணன் ஜெயிப்பதற்காக எங்கள் மாமாவைக் கால் ஊன்றச் சொல்கிறாள்! தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடிவந்தேன். மாமாவிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் அண்ணன்காரர் போட்டிக்கு வந்துவிட்டார். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு விசில் ஊதினார்கள். கொஞ்சம் போனதுமே ஒவ்வொருவராக ஆடி, சாய்ந்து, கால் ஊன்றினார்கள். மாமா மட்டும் விளக்குக் கம்பம் மாதிரி நின்றார்.

"போங்காட்டம்! டெட் வீலுபா அது!" என்று கூட்டத்தில் கத்தினார்கள். பிரீ இல்லாத சக்கரத்துக்கு அதுதான் பேர்.

நடுவராக நின்ற டீக்கடைக்காரர் வாயிலிருந்து விசிலை எடுத்தார். "சைக்கிள்னுதான் சொன்னோம், இன்னா வீலுன்னா சொன்னோம்? காலு ஊனாத வரைக்கும் ஆட்டம் கீது. மூடிக்கினு பாருங்க."

கடைசியில் இரண்டே பேர் மிஞ்சினார்கள், மாமாவும் அண்ணன்காரரும். அவர் வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. இதோ விழப் போகிறார். அந்த நேரம் பார்த்து என் தோளில் ஒரு கை விழுந்தது. அக்கா. கண் கலங்கியிருந்தது.

"சொன்னியாடி?"

நான் சொல்லாவிட்டால் இவளே கத்திச் சொல்லிவிடுவாள் என்று தோன்றியது. அப்புறம் என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவ்வளவு பெரிய சத்தம் அதற்கு முன்னும் என்னிடமிருந்து வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"மாமா! இந்தக்கா உன்னக் கால ஊனச் சொல்லுது! ஊனாத மாமா! ஊனாத!"

மாமா திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவேண்டுமே! தலையைக் குனிந்துகொண்டாள், அவ்வளவுதான். மாமா இடது காலை எடுத்து, அவசரமே இல்லாமல் தரையில் வைத்தார்.

விசில் பறந்தது. அண்ணன்காரர் ஜெயித்த சந்தோஷத்தில் சைக்கிளோடு கீழே விழுந்தார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மாமா வந்து என்னைத் தூக்கிக்கொண்டு, "அழுவாதடி. நல்ல வேள கத்துன" என்றார். தோற்றதில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே நைனா அந்த வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். திருவான்மியூர்க்காரர்களுக்கு இன்னும் வாக்குக் கொடுக்கவில்லையாம். அடுத்த நல்ல நாளில் எல்லோரும் குளித்து, நல்ல துணி உடுத்திக்கொண்டு கிளம்பினோம். அம்மா கையில் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ, வாழைப்பழம், கல்கண்டு. ஜெயித்தவர் வீட்டுக்குத் தோற்றவர்கள் பூவும் பழமும் கொண்டுபோகவேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறதா என்ன? எங்கள் வீட்டு ஆட்களுக்கு ரோஷமே கிடையாதா? நான் எல்லோருக்கும் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன்.

அண்ணன்காரர் வாசலுக்கே வந்து கைகூப்பினார். கூடத்தில் பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் குடம் பளபளவென்று இருந்தது. அக்கா அதிலிருந்துதான் எங்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். எனக்கு நல்ல தாகம். இருந்தாலும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன். மாமாதான் கொஞ்சங்கூட வெட்கமில்லாமல் மடக் மடக்கென்று குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டார்.