பொழுது சாஞ்சா

கார்டன் ரீச் வீட்டுக்கு அம்மாவின் கடிதம் வந்தபோது, என் கணவர் ஆபீஸ் வேலையாகத் தென்துருவக் கண்டத்துக்குக் கப்பலேறத் தயாராகிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளைக்கு ஆனி முடியறவரைக்கும் கண்டம் இருக்காம். பொழுது சாஞ்சா வெளியே போக வேண்டாம்னு ஜோசியர் சொல்றார்" என்று எழுதியிருந்தாள்.

"கண்டத்துக்குப் போறவனுக்குக் கண்டம் இல்லாம இருக்குமா?" என்று அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றும் சாயங்காலம் லோட்ஷெடிங். ஓர் எலுமிச்சம்பழத்தில் ஊதுவத்திக் குச்சியைச் செருகி, அரிக்கேன் விளக்கின் முன்னால் சாய்த்துப் பிடித்துச் சுழற்றினார். பூமி இப்படிச் சாய்ந்தபடியேதான் சுற்றுகிறதாம். மார்கழியில் அதன் அடிப்பக்கம் சூரியனைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால், எத்தனை முறை சுழன்றாலும் அந்த நுனி வெளிச்சத்தை விட்டு விலகாதாம்.

"அங்கே பொழுதே சாயாது. உங்கம்மாவுக்கு எழுதிடு. பங்குனியில நான் வந்துடுவேன்."

அப்படியே எழுதினேன். பங்குனியில் தந்திதான் வந்தது. குளிர்காலத்துக்கும் அங்கேயே தங்கப்போகிறாராம்.

வைகாசியில் ஒருநாள் கரண்ட் போனதும் நானே எலுமிச்சம்பழத்தை எடுத்துக் குச்சியைச் செருகினேன். சாய்வை மாற்றாமல் விளக்கின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோனேன். இப்போது அடிநுனி விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. சுழற்றினேன். சுழற்றிக்கொண்டே இருந்தேன். அந்த நுனியில் துளி வெளிச்சம் படவில்லை.

அவர் இருக்குமிடத்தில் பொழுது சாய்ந்தாகிவிட்டது. ஆனி முழுக்க ராத்திரி.

இதை நான் அம்மாவுக்கு எழுதவில்லை.