மண்டோர் கட்டிய கயிறு

எனக்கு எழுத்து சரியாக வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரைதான். பாதி மறந்தும் போச்சு. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் ஒரு பள்ளி விடுமுறைக்கு, எங்கள் தோட்டத்து ஜனங்கள் பஸ் பிடித்து, அப்புறம் படகேறி, பங்கோர் தீவுக்குப் போனோம். சபாக் ஊர்ப் பக்கத்தில் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம் எங்களுடையது. கடல் தூரமில்லை, ஆனால் எங்கள் பக்கத்துக் கடல் வெறும் சேறு, நண்டுதான் குளிக்கும். நீந்தத் தெரிந்தவர் பஸ்ஸில் ஒருவர்கூட இல்லை.

எங்களைப் பத்திரமாகக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பை மண்டோர் தானாகவே தலையில் போட்டுக்கொண்டார். வேலைக்காட்டில் எங்களை மேய்ப்பவரும் அவர்தான். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். சீனர் டிரைவருக்கும் திருநீறு பூசிவிட்டார். அந்த ஆள் மூன்று தும்மல் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

விடிந்ததும் கடற்கரை மணலில் விசில் ஊதிப் பெரட்டு. தோட்டத்தில் வேலைக்கு முன்னால் ஆள் கணக்கெடுப்பார்களே, அதேதான். கூப்பிடக் கூப்பிட, "இருக்கேன்யா" என்றோம்.

"பொம்பளைங்க தனியா எறங்கக் கூடாது. அலை இழுத்துட்டுப் போச்சுன்னா ஆபீஸ் கிராணிக்கு நான் என்னா பதில் சொல்றது?" என்றார் மண்டோர்.

"எங்கப்பனுக்கு என்னா பதில்னு யோசிய்யா மொதல்ல. கிராணியாம் கிராணி!" என்றாள் அவர் மனைவி.

பஸ் கூரையிலிருந்து படகு வரை மூட்டைகளோடு கூடவே வந்த கயிற்றை அவிழ்த்து வந்து, ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார். முதல் ஆளாகத் தன்னையும் கட்டிக்கொண்டார்.

"முன்னாடி நான் நிக்கிறேன்லா, தூணு மாதிரி. என்னைப் புடிச்சுக்கிட்டு வாங்க."

அவருக்கு அடுத்து நான். வெட்கப்படுகிறவளுக்கு எப்போதும் யாருக்கும் வேண்டாத இடம்தான். ஒருத்தி விழுந்தால் அத்தனை பேரும் விழுவோமே என்று சொல்ல நினைத்தேன். முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் பின்னாலேயே இறங்கினேன்.

முழங்கால் தண்ணீரில் நின்றோம். ஓர் அலை வந்தது. முதலில் தூண் விழுந்தது. அதன்மேல் நான், என்மேல் மண்டோர் மனைவி, அவள்மேல் மற்றவர்கள். சேலைகளெல்லாம் தண்ணீரில் உப்பிக்கொண்டு மிதந்தன. ஒருவழியாக எழுந்து, சிரித்துக்கொண்டே எல்லாரும் கரைப்பக்கம் நடந்தார்கள்.

மண்டோர் மட்டும் எழவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவிலிருந்த கயிறு அவர் கால்களில் சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் கரைக்கு இழுக்க இழுக்க, அவர் கால் மேலே, முகம் தண்ணீருக்குள்ளே.

"நடிக்கிறாருடி! கள்ளுக்கடையில குடிக்காததா? நல்லா குடிக்கட்டும், விடு" என்று அவர் மனைவி கைகொட்டினாள்.

பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரிந்தது. அவர் கை மணலைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. வாயிலிருந்த விசில் வழியாக நுரை நுரையாகக் குமிழி வந்தது. அது நடிப்பில்லை. அவரிடம் "இருக்கேன்யா" தவிர அதுவரை வேறு வார்த்தை பேசியவளில்லை நான். அன்று எங்கிருந்து வந்ததோ குரல்!

"இழுக்காதீங்கடி! மனுசன் சாவுறான்!"

எல்லாரும் அப்படியே நின்றார்கள். கயிறு தளர்ந்தது. தலைமுடியைப் பிடிக்கலாம் என்று பார்த்தால் வழுக்கை. காதைப் பிடித்துத் தூக்கினேன்.

"எந்திரிய்யா! தண்ணி முட்டிக்குத்தான்யா இருக்கு!"

உட்கார்ந்தார். இருமினார். ஒரு சொம்பு தண்ணீர் கக்கினார், விசிலும் கூடவே 'பீ' என்று அழுதது. அவர் மனைவி சிரிப்பை மறந்து, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவர் வம்சத்தையே திட்டினாள்.

கரைக்கு வந்ததும் மனுசன் என்ன செய்தார் என்கிறீர்கள்? மறுபடி பெரட்டு! ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். என் முறை வந்தது.

"இருக்கேன்யா" என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

காதைத் தடவிக்கொண்டே, "நீ இருக்கேன்னு தெரியுது" என்றார்.

அப்புறம் ஊர் திரும்பும்வரை கயிறு மூட்டைகளோடு கிடந்தது. நாங்கள் எங்கள் பாட்டுக்குக் கைகோத்து, முழங்காலளவில் ஆசைதீரக் குளித்தோம்.

நான் பிடித்தது வலது காது என்றுதான் எனக்கு ஞாபகம். மண்டோர் மனைவி இடது என்று சாதிக்கிறாள். அந்தப் பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எது சரியென்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.