தொண்ணூற்றொன்று பேட்சின் காலை உணவு

க்ரேவிக் விடுதிப் பள்ளியின் இதழ் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. அதைப் பெரும்பாலானோர் பின்பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவார்கள். முன்னால் தலைமையாசிரியரின் கடிதமும் ஹாக்கி அணியின் படமும் இருக்கும். பின்னால் பேட்ச் வாரியாகப் பழைய மாணவர்களின் செய்திகள்: யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பதவி உயர்வு, யார் எந்தத் தீவுக்குப் போய்வந்தார், யார் இறந்தார். இருபத்தாறு ஆண்டுகள் அங்கே லத்தீன் கற்பித்து ஓய்வுபெற்ற என்னிடம் அந்தப் பக்கங்களைத் திருத்தும் வேலை வந்து சேர்ந்தது.

அதில் ஒரு பழைய விதி உண்டு. தொடர்ந்து மூன்று இதழ்களில் ஒரு பேட்சிலிருந்து செய்தியே வராவிட்டால் அந்த ஆண்டின் தலைப்பை எடுத்துவிடுவோம். பொதுவாக மிக முதியவர்களின் பேட்ச்கள்தான் இப்படிப் போகும். தொண்ணூற்றொன்றில் படிப்பை முடித்தவர்களுக்கு ஐம்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. ஆனாலும் அவர்களுடைய செயலாளர் விலகிய பிறகு இரண்டு இதழ்கள் வெறுமையாகப் போய்விட்டன.

டிசம்பர் முதல் வாரத்தில் ஆர்லீன் பெல்கி காலணிப் பனியை வாசலில் தட்டிவிட்டு என் அறைக்குள் வந்தார். கையில் இதழ் இருந்தது.

"வாத்தியாரே, இதுல எங்க பேட்ச் எங்க?"

"செய்தி வரல, ஆர்லீன். செயலாளர் தேவைன்னு ஒரு வரி போட்டிருக்கேன், பாருங்க."

"பார்த்தேன். வேலைக்கு ஆள் தேவைன்னு ஓட்டல்காரன் கதவுல ஒட்டற மாதிரி இருக்கு."

'எங்க பேட்ச்' என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆர்லீன் க்ரேவிக்கில் படித்தவர் அல்ல. முப்பத்துநான்கு ஆண்டுகள் அதன் சமையலறையில் காலை உணவுக்குப் பொறுப்பாக இருந்தவர். தொண்ணூற்றொன்று மார்ச்சில் மூன்று நாள் பனி கொட்டிச் சாலை மூடியபோது, வேறு சமையல்காரர்கள் யாரும் வந்துசேர முடியவில்லை. முந்தைய நாளே பள்ளியில் அகப்பட்டுக்கொண்ட ஆர்லீன் ஒருவராகவே பள்ளி முழுவதற்கும் மூன்று வேளையும் சமைத்தார். அந்த ஜூனில் கடைசி வகுப்பு மாணவர்கள் வாக்கெடுத்து அவரைத் தங்கள் பேட்சின் கௌரவ உறுப்பினர் ஆக்கினார்கள். எங்கள் பள்ளியில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. பெரும்பாலும் அது ஒரு சான்றிதழோடும் கைதட்டலோடும் முடிந்துவிடும்.

"மூணாவது தடவையும் வரலைன்னா எடுத்துடுவீங்களா?" என்று கேட்டார்.

"விதி அப்படித்தான்."

"நான் பதினஞ்சு வயசுல கம்பளி மில்லுக்குப் போனவ. எந்தப் பள்ளிக்கூடத்துலயும் பாஸ் பண்ணல. எனக்குன்னு இருக்கற ஒரே பேட்ச் இதுதான். இதையும் எடுத்துட்டீங்கன்னா நான் எந்த வருஷத்துப் பொம்பளை?"

செயலாளர் வேலையைத் தானே பார்ப்பதாகச் சொன்னார். செயலாளர் இங்கே படித்து முடித்தவராக இருக்க வேண்டும் என்றேன். அடுத்த அறையில் இருந்த கோர்ட்னி, பழைய மாணவர் அலுவலகத்தின் தலைவி, விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தாள். "அப்படி எங்கயும் எழுதல, சார். யாரும் யோசிக்கவே இல்ல போலிருக்கு. ஜனவரி இருபதுக்குள்ள செய்தி வந்தா அடுத்த இதழ்ல போடலாம்."

மறுநாளிலிருந்து ஆர்லீன் என் அறை மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து அஞ்சலட்டைகள் எழுதத் தொடங்கினார். பட்டியலில் எண்பத்தொரு பெயர்கள். ஒவ்வொரு பெயரையும் பார்த்து ஒரு கணம் கண்ணை மூடுவார், பிறகு எழுதுவார். முதல் அட்டையை எனக்குக் காட்டினார்.

"மேரிபெத், உனக்கு ரெண்டு முட்டை, மஞ்சக்கரு உடையக் கூடாது. உடைஞ்சா அழுவே. இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டே? எழுதிப் போடு. வேற பெருசா ஒண்ணும் வேண்டாம். ஆர்லீன்."

"இது செய்தி இல்லையே" என்றேன்.

"ஏன் இல்ல?"

"இதழ்ல போடற மாதிரி ஏதாவது கேக்கணும். வேலை, குடும்பம், பயணம்..."

"அதைக் கேட்டுத்தானே ரெண்டு தடவை ஒருத்தனும் எழுதல? பிரமோஷன் வந்தவன் எழுதுவான். வேலை போனவன் என்ன எழுதுவான்? அவனும் காலையில ஏதோ தின்னுருப்பான்ல?"

என் அலமாரியிலுள்ள தத்துவ நூல்கள் நல்வாழ்வைப் பற்றி நிறையப் பேசுகின்றன. காலை உணவைப் பற்றி அவற்றில் ஏதும் இல்லை. அதை ஒரு குறையாக அதுவரை நான் நினைத்ததில்லை. அப்போதும் நினைக்கவில்லை, ஆர்லீனின் கேள்வி சிறுபிள்ளைத்தனமானது என்றே எண்ணினேன்.

எண்பத்தொரு பேரில் அறுபத்தெட்டுப் பேரின் தட்டு அவருக்கு நினைவிருந்தது. மீதிப் பதின்மூன்று பேருக்கு எழுதியதுதான் எனக்குக் கவலையைத் தந்தது. "உன்னை எனக்கு ஞாபகமில்ல. தப்பு யார் மேல? நீ காலைச் சாப்பாட்டுக்கே வரலையா? இன்னைக்கு என்ன சாப்பிட்டே?"

"இதைப் பார்த்தா மனசு புண்படும், ஆர்லீன்."

"ஞாபகம் இருக்குன்னு பொய் சொல்லச் சொல்றீங்களா? லத்தீன்ல அதுக்கு நல்ல வார்த்தை இருக்கோ?"

கிறிஸ்துமஸ் முடியும்வரை மூன்று பதில்கள்தான் வந்தன. அவற்றில் ஒன்று முகவரி தவறு என்று திரும்பிய அட்டை. புத்தாண்டுக்குப் பிறகு ஆர்லீன் தினமும் பத்து மணிக்கு வந்து தபால் பெட்டியைப் பார்ப்பார். மேலங்கியைக் கழற்றாமலே திரும்பிப் போவார். "என் சாப்பாட்டை மறந்துட்டானுங்க போல" என்று ஒரு நாள் சொன்னார். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. காபி மட்டும் ஊற்றிக் கொடுத்தேன்.

ஜனவரி பதினொன்றாம் தேதி, விடுமுறைத் தபால் நெரிசல் தீர்ந்ததாலோ என்னவோ, ஒரே நாளில் பதினான்கு பதில்கள் வந்தன. மறுநாள் ஒன்பது. மேரிபெத் இப்போதெல்லாம் மஞ்சள்கருவே சாப்பிடுவதில்லையாம், மருத்துவர் கூடாது என்றுவிட்டாராம். ஒருவர் விவாகரத்துக்குப் பிறகு குடியேறிய வீட்டில் நின்றபடியே, மகன் மிச்சம் வைத்த பான்கேக்கை மேப்பிள் பாகு இல்லாமல் தின்றதாக எழுதியிருந்தார். வேலை போனதைப் பற்றி இரண்டு பேர் எழுதியிருந்தார்கள், ரொட்டிக்கும் காபிக்கும் நடுவில் ஒரு வரியாக. எல்லாம் நன்றாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் சுவையற்றவை. ஆனால் இத்தனை ஆண்டுகளாக நான் திருத்திய செய்திகளில் யாருமே வேலை இழந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நினைவில்லாத பதின்மூன்று பேரில் ஒருவரிடமிருந்து பதினாறாம் தேதி ஓர் அட்டை வந்தது. கெண்டல் ஃபெசெண்டன். எங்கள் பதிவேட்டில் பல ஆண்டுகளாக 'முகவரி தெரியாதவர்' என்றிருந்த பெயர். ஆர்லீன் அவருடைய தாயாரின் பழைய முகவரிக்கு எழுதியிருந்தார். பொடி எழுத்தில் பதில்: "தப்பு உங்க மேல இல்ல. எந்த மேசையில போய் உக்காரறதுன்னு தெரியாததால நான் நாலு வருஷமும் காலையில வரவே இல்ல. இன்னைக்கு என் பஸ்ஸுக்குள்ள உக்காந்து ரெண்டு வேகவச்ச முட்டை." கீழே ஒரு தொலைபேசி எண்.

ஆர்லீன் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பத்திநாலு வருஷம் எல்லாரையும் தெரியும்னு பீத்திக்கிட்டேன், வாத்தியாரே. வரிசையில வந்தவனை மட்டும்தான் தெரிஞ்சிருக்கு." அப்புறம் என் தொலைபேசியை இழுத்து எண்ணை அழுத்தினார். ஒலிபெருக்கி எப்படியோ இயங்கிக்கொண்டது. அதை அணைக்க எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

"கெண்டல்தானே? ஆர்லீன் பேசறேன். க்ரேவிக் சமையல்கட்டு."

"ஐயோ. சொல்லுங்க மேடம்."

"மேடமா? என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல. நாலு வருஷம் பட்டினி கிடந்தியாமே. என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொல்லணும்னா உள்ள வரணுமே."

ஆர்லீன் தொலைபேசியின் பக்கம் குனிந்தார். மறுமுனையில் எஞ்சின் உறுமும் சத்தம் கேட்டது.

"பால் வண்டி வர்ற பக்கம் பின்வாசல் ஒண்ணு இருந்துச்சுடா" என்றார் மெதுவாக.

"அது யாருக்குத் தெரியும்?"

"நான்தான் சொல்லியிருக்கணும்."

"விடுங்க ஆர்லீன், முப்பது வருஷக் கதை. மெய்ன் மாநிலத்துல ஸ்கூல் பஸ் ஓட்டறேன் இப்ப. சாப்பிடாம ஏறுற பிள்ளைய மூஞ்சியப் பார்த்தே சொல்லிடுவேன். ஒரு பை முட்டை எப்பவும் வண்டியில இருக்கும். ஆனா அதைப் பத்திரிகையில போட்டுடாதீங்க, எங்க ஆபீஸ்ல தெரிஞ்சா கத்துவாங்க."

"உன் பேரைப் போடலாமா?"

"அந்த லிஸ்ட்ல என் பேரு இருக்கான்னே எனக்குத் தெரியாது."

"நான் செயலாளர்டா. நான் சொன்னா இருக்கு."

முட்டைப் பையைப் பற்றி அன்று நாங்கள் அச்சிடவில்லை. இப்போது எழுதுவது கெண்டலின் சம்மதத்தோடுதான். அவர் சென்ற கோடையில் அந்த வேலையை விட்டு, அதே ஊர்ப் பள்ளியின் உணவுக்கூடத்துக்குப் பொறுப்பேற்றுவிட்டார்.

இருபதாம் தேதிக்குள் நாற்பத்துநான்கு பேர் எழுதியிருந்தார்கள். நான்கு பக்கம் வந்தது. "ஹாக்கி படத்தைத் தூக்கணும்" என்று கோர்ட்னி முணுமுணுத்தாள், தூக்கினாள். அச்சுக்கு அனுப்புமுன் ஒரு குறையைப் பார்த்தேன். வழக்கப்படி செயலாளரின் சொந்தச் செய்தி கடைசியில் வர வேண்டும்.

"உங்களுது எங்க, ஆர்லீன்?"

"எனக்கென்ன செய்தி இருக்கு?"

"இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தாளை இழுத்து எழுதி என் பக்கம் தள்ளினார். வழக்கமாக எதையும் திருத்தாமல் விடுகிறவன் அல்ல நான். அதை அப்படியே அச்சுக்கு அனுப்பினேன்:

"ஆர்லீன் பெல்கி, 1991: ஓட்ஸ் கஞ்சி. கெண்டலோட போன்ல பேசிக்கிட்டே இருந்ததுல ஆறிப்போச்சு. இருந்தாலும் சாப்பிட்டேன்."