என் மகளின் எடையைக் கேட்டவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஓசூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் மாடிப்படியிலிருந்து என் மகள் உருண்டு விழுந்துவிட்டாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு விளையாடப் போய்விட்டாள். சாயங்காலம் நெருங்கும்போது வாந்தி எடுத்தாள். மறுபடியும் எடுத்தாள். கண்ணைத் திறக்க முடியாமல் சொக்க ஆரம்பித்ததும் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்த டாக்டர், தலைக்கு உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்.

ஸ்கேன் என்றதும் எனக்குக் கம்பெனி ஞாபகம் வந்துவிட்டது. நான் வேலை செய்வது இரும்பு வார்ப்புக் கம்பெனியில். வார்த்த இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அங்கேயும் எக்ஸ்ரே எடுப்பார்கள். சைரன் அடித்தால் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே எல்லோரும் போய்விட வேண்டும். எங்களுக்கு இத்தனை காலம் பிள்ளை இல்லாமல் போனதற்கே அந்தக் கதிர்தான் காரணமோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் உண்டு. யாரிடமும் கேட்டதில்லை. கம்பெனியில் பார்த்த அதே எச்சரிக்கைப் படம் ஸ்கேன் அறைக் கதவிலும் ஒட்டியிருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"ஏங்க, என்னாத்துக்கு இப்படி கல்லு மாதிரி நிக்கறீங்க? பயமா இருந்தா வாயத் தொறந்து கேளுங்க. இல்லன்னா புள்ளைய எங்கிட்ட குடுங்க" என்று என் மனைவி அழுதுகொண்டே அதட்டினாள்.

நான் நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன். ஸ்கேன் எடுக்கும் தம்பியிடம் எப்படியோ கேட்டேன். "எங்க கம்பெனில இந்தக் கதிருன்னாலே ஓடிருவோம், தம்பி. பெரியவங்களுக்கு வெக்கற அளவுதான் புள்ளைக்கும் வெப்பீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "அண்ணா, அது இரும்பு, இது புள்ள. சும்மா பயப்படாதீங்க, படுக்க வைங்க."

அவர் பக்கத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா நின்றிருந்தார். எதற்குச் சிரிக்கிறாய் என்று இங்கிலீஷில் கேட்டிருப்பார் போல. தம்பி சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. ஏதோ சொன்னார். தம்பி இப்போது சிரிக்காமல் என்னிடம் சொன்னார்: "நீங்க கேட்டது சரியான கேள்வியாம்ணா. குழந்தைங்களுக்கு எவ்ளோ கம்மியா வெச்சா போதும்னு நெறைய நாட்டு டாக்டருங்க ஒண்ணா உக்காந்து முடிவு பண்றாங்க. ஒரு நாட்டுக்காரங்க இன்னொரு நாட்டுக்குப் போயி சொல்லியும் குடுக்கறாங்க. அதுக்குத்தான் இவங்களும் இங்க வந்திருக்காங்க."

பிள்ளையின் எடை என்ன என்று அந்த அம்மா கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவரே எடை மிஷினை இழுத்து வந்து, பிள்ளையோடு என்னை ஏற்றினார். பிறகு என்னைத் தனியாக ஏற்றினார். கழித்துப் பார்த்ததில் பதினான்கு கிலோ. என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டரைக் காட்டினார். என்ன எண் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர் தட்டத் தட்ட அது குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்தேன். தலைக்கு மட்டும், ஒரே ஒரு தடவை என்றும், இப்போது எடுக்காமல் விட்டால்தான் ஆபத்து என்றும் தம்பியை என்னிடம் சொல்லச் சொன்னார். பிள்ளையைப் படுக்க வைத்தேன்.

மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. பெங்களூருக்குக் கொண்டுபோய் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்த அம்மா படத்தை ஒரு சிடியில் போட்டு என் கையில் கொடுத்தார். "அங்க போனதும் மறுபடி எடுக்கணும்பாங்க. இதக் காட்டி, இது போதுமான்னு கேளுங்கண்ணா. நீங்கதான் கேக்கணுமாம்" என்றார் தம்பி.

கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டும்வரை மனைவி பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். பெங்களூர் மருத்துவமனையில் இறங்கியதும், அந்த அம்மா சொன்னது போலவே ஸ்ட்ரெச்சரை ஸ்கேன் அறைப் பக்கம் தள்ளினார்கள். ஓடிப்போய் முன்னால் நின்றேன். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, இது போதாதா என்று அரைகுறைக் கன்னடத்தில் கேட்டு சிடியை நீட்டினேன்.

"நீவேனு டாக்டரா?" என்று எரிந்து விழுந்தார் அங்கிருந்த இளம் டாக்டர். நீங்கள் என்ன டாக்டரா என்று அர்த்தம். நான் நகராமல் சிடியை நீட்டியபடியே நின்றேன். என் பிடிவாதத்தைப் பார்த்தாரோ என்னவோ, சிடியை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டார். உற்றுப் பார்த்தார். பிறகு ஸ்ட்ரெச்சரைத் திருப்பி நேராக ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். தலை வாரும்போது மட்டும் ஆபரேஷன் செய்த தழும்பு தெரியும்.

அந்த அம்மா எந்த நாடு, பெயர் என்ன என்று கேட்க அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. என் மகள் பிறக்கும் முன்பே, பதினான்கு கிலோ எடையுள்ள ஏதோ ஒரு குழந்தைக்காக எங்கெங்கோ உட்கார்ந்து யோசித்தவர்களின் பெயரும் தெரியாது. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்கும்போது வீட்டு ஆட்களின் பெயரைச் சொல்லி முடித்த பிறகு, பெயர் தெரியாத அவர்களையும் மனசுக்குள் சேர்த்துக்கொண்டுதான் கண்ணை மூடுகிறேன்.