வாசலில் ஒரு குளம்

2025 ஜூன் 14, சனிக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். தொழிற்சாலையில் காலை வேலைக்குப் போகும் மனைவியைப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டேன். பசாரில் கீரையும் முட்டையும் வாங்கி வந்து, மகளைப் பசியாற வைத்தேன். முதல் நாளே எழுதி முடித்த அட்டைகளை ரப்பர் பட்டை போட்டு எடுத்துக்கொண்டேன்.

மகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். சனிக்கிழமை வகுப்பில் பெற்றோரும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். பிள்ளை ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்லிவிட்டு மலாயில் சொல்லும், நாங்கள் உதவலாம். என் அட்டைகளில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலாய்.

மகள் அட்டையைப் பார்க்கவே இல்லை. “அம்மா வாசலில் கோலம் போட்டார்” என்றாள். மலாயில் சொல்லும்போதும் கோலம் என்ற சொல்லையே வைத்துவிட்டாள்.

“தப்பு. மலாயில கோலம்னா குளம்” என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பின் வரிசையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். மகளுடைய தோழியின் அப்பா. கைப்பேசிக் கடை வைத்திருப்பவர். தாமதமாக வந்திருந்தார். கையில் ஒரு தாள்கூட இல்லை.

“அடடே, வாசல்ல குளமா? மீனு இருக்கா பாப்பா?”

“இருக்கு அங்கிள்! பெரிய மீனு!”

“அப்ப நாளைக்குத் தூண்டிலோட வர்றேன் லா.”

வகுப்பே சிரித்தது, ஆசிரியையும் சேர்ந்து. மகள் அந்த மீனைப் பற்றி மலாயில் சொல்லிக்கொண்டே போனாள். பிழையே இல்லை. என் அட்டையில் மீன் இல்லை.

வகுப்பு முடியும்போது ஆசிரியை, “அடுத்த வாரம் யார் பக்கத்துல வேணும்னாலும் உட்காரலாம்” என்றார்.

மகள் கையைத் தூக்கினாள். “நான் அங்கிள் பக்கத்துல, டீச்சர்.”

“கோச்சுக்காதீங்க அண்ணே” என்று தோழியின் அப்பா என் தோளைத் தட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. நான்தான் மூத்தவன் என்று அவராகவே முடிவு செய்ததும் பிடிக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில், சிவப்பு விளக்கில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது, “அவரு கூட ஏன்மா?” என்று கேட்டேன்.

“அவரு சிரிக்கிறாரு லா.”

“நானும்தான் சிரிப்பேன்.”

“நீங்க திருத்திட்டுத்தானே பா சிரிப்பீங்க.”

இரவுச் சாப்பாட்டில் மகள் மீன் கதையை அம்மாவிடம் சொன்னாள். மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. “நல்ல ஆளுதான் போல” என்றாள். பள்ளியில் கேட்ட சிரிப்பைவிட இது அதிகமாகச் சுட்டது. நான் எழுந்து தட்டுகளைக் கழுவினேன்.

மறுநாள் எழுந்ததும், காப்பிகூடக் கலக்காமல், மனைவியின் கோலமாவு டின்னோடு வாசலுக்குப் போனேன். அதுவரை நான் கோலம் போட்டதில்லை. வட்டமாக ஒரு குளம் வரைந்தேன். அவருடைய குளத்தில் ஒரு மீன்தான். என் குளத்தில் மூன்று போட்டேன்.